அறையில் சமைக்கும் மாணவர்கள்: உணவு வீணாவது எங்கே, எந்தத் தவறால்?

கல்யாண மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும்தான் சோறு அதிகமாகக் குப்பைக்குப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருக்கிறது: 2022இல் உலகம் முழுக்க வீணான 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. மூன்று நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துச் சமைக்கும் மாணவர் அறையும் ஒரு வீடுதான். பசிக்கிற வயது என்பதால் அங்கே தட்டில் மிச்சம் வைப்பவர்கள் குறைவு. தட்டுக்கு வரும் முன்பே, அரிசி அளக்கும்போதும் கடையில் பையை நிரப்பும்போதும், எது குப்பைக்குப் போகும் என்பது முடிவாகிவிடுகிறது.

முதல் தவறு அரிசியில். "ஆளுக்கு ஒரு டம்ளர்" என்று அளப்பது பல அறைகளில் வழக்கம். தண்ணீர் குடிக்கும் பெரிய டம்ளர் 250 மில்லி பிடிக்கும். தலை தட்டி எடுத்தாலே 200 கிராம் அரிசி வந்துவிடும். வெந்தால் அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. ஒருவர் ஒரு வேளைக்குச் சாப்பிடுவது 75 முதல் 100 கிராம் அரிசியின் சோறு. நன்றாகச் சாப்பிடுபவர் என்றால் 125. ஆக, நான்கு டம்ளர் போட்டால் நான்கு பேருக்கு இரண்டு வேளைச் சோறு குக்கரில் கிடக்கிறது. ரைஸ் குக்கரோடு வரும் சிறிய கப் 180 மில்லி, அதாவது சுமார் 150 கிராம் அரிசி. நான்கு பேருக்கு இரண்டரைக் கப் போதும், ஒருவர் குறைந்தால் இரண்டு. அந்தக் கப்பை அரிசி டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். வேறு எதனாலும் அளக்காதீர்கள். சாம்பாருக்கு நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு, பொரியலுக்கு ஆளுக்கு 100 கிராம் காய் என்பது நல்ல கணக்கு.

அளவு சரியாக இருந்தும் மிஞ்சுகிறதென்றால், தலை எண்ணவில்லை என்று பொருள். ஒருவர் நண்பன் பிறந்தநாளுக்குப் போயிருப்பார், இன்னொருவர் வரும் வழியில் பரோட்டா தின்றிருப்பார். குக்கரை அடுப்பில் வைக்கும் முன் அறையின் வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். பதில் போடாதவருக்கு உலை வைக்க வேண்டியதில்லை. கடுமையாகத் தெரியலாம், ஆனால் ஒரு வாரத்தில் எல்லோரும் பதில் போடப் பழகிவிடுவார்கள்.

மிஞ்சிய சோற்றைக் காப்பாற்றுவதில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. மதியம் வடித்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு எலுமிச்சை சாதமாகக் கிளறுவார்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும். கொதிக்கும் நீரிலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, வாந்தி வரும். எனவே சாப்பிட்டு முடித்த கையோடு மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். மறுநாளே அதை எலுமிச்சை சாதமாகவோ முட்டை சாதமாகவோ ஆவி பறக்கச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜ் இல்லாத அறைக்குப் பழைய சோறு இருக்கிறது. இரவு வடித்த சோறு ஆறியதும் அது மூழ்கும் அளவு குடிநீர் ஊற்றி மூடி வைத்தால், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இரவில் அதை மெல்லப் புளிக்க வைக்கும். காலையில் உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடலாம். இதற்கு அன்றிரவு வடித்த வெறும் சோறுதான் ஆகும். மதியத்திலிருந்து கிடந்ததிலும் குழம்பு பட்டதிலும் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. கொழகொழவென்று நூல் விட்டால் கொட்டிவிடுங்கள். ஊசிப்போனதை மனம் வராமல் தின்பதில் மிச்சமாவது எதுவும் இல்லை. மருந்துக் கடையில் அதைவிட அதிகம் செலவாகும்.

குழம்பில் கரண்டியை விட்டு, சாப்பிட்ட தட்டில் தொட்டு, மீண்டும் பாத்திரத்தில் போடுவது இன்னொரு பழக்கம். இரவுக்கு வேண்டியதை முதலிலேயே தனியாக எடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. தேங்காய் அரைத்த குருமா, கூட்டு, சட்னி ஆகியவை வெளியே சீக்கிரம் கெடும். அவற்றை ஒரு வேளைக்கு மட்டும் செய்யுங்கள். வத்தக்குழம்பு, புளிக்குழம்பு போன்றவை புளியும் எண்ணெயும் உள்ளதால் கூடுதலாகத் தாங்கும். பரீட்சை வாரத்தில் இவைதான் கை கொடுக்கும்.

காய் வாங்கும்போது விலை மலிவு ஏமாற்றும். சந்தையில் கூறு கட்டி வைத்த தக்காளி இரண்டு கிலோ இருக்கும். நான்கு பேருக்கு வாரத்துக்கு ஒரு கிலோவே அதிகம். வாரத்தில் எத்தனை நாள் உண்மையில் சமைக்கிறீர்கள் என்று எண்ணி, அதற்கு ஒரு நாள் குறைத்து வாங்குங்கள். கீரையை வாங்கிய அன்றே சமையுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் கொட்டாதீர்கள், கிழங்கு முளைவிடும். பச்சை படர்ந்த கிழங்கைத் தின்னவும் கூடாது. தக்காளி பழுக்கும்வரை வெளியே இருக்கட்டும்.

கொத்தமல்லிக் கட்டை ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் மூன்றாம் நாள் அழுகும். கழுவ வேண்டாம், வேரை வெட்டி, அழுகிய இலைகளை நீக்கி, செய்தித்தாளைத் தவிர்த்து வெள்ளைத் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். கறிவேப்பிலையை உருவி, ஈரம் போக நிழலில் ஆறவைத்து டப்பாவில் அடையுங்கள். தேங்காய் உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் துருவுங்கள், அதுதான் முதலில் கெடும். மற்ற மூடியையும் மறுநாளுக்கு வைக்காமல் அன்றே துருவி, ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாக ஃபிரீசரில் வைத்தால் மாதம் முழுக்க வரும்.

இட்லி மாவு ஒரு கிலோ பாக்கெட் 20 இட்லிக்கு மேல் வரும். ஒருவேளைக்கு எடுக்கும் மாவில் மட்டும் உப்பையும் தண்ணீரையும் கலந்து, மீதியை உடனே உள்ளே வையுங்கள். தினமும் முழு மாவையும் வெளியே எடுத்து வைப்பதால்தான் மூன்றாம் நாளே புளிக்கிறது. புளித்தாலும் அது வீணில்லை. ஒரு கப் மாவுக்கு இரண்டு கரண்டி ரவையோ அரிசி மாவோ சேர்த்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிப் போட்டால் ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ ஆகும். இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ படர்ந்திருந்தால் மட்டும் கொட்டுங்கள்.

பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாதி ஊற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள். அரை லிட்டரையும் ஒரேயடியாகக் காய்ச்சி ஆறவைத்து வையுங்கள், அதுவும் ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வேண்டாம். திறக்கும்போதெல்லாம் சூடாகும் இடம் அதுதான். இரண்டாம் நாள் மிஞ்சினால் வெதுவெதுப்பாக்கி ஒரு கரண்டி தயிர் விட்டு உறை ஊற்றுங்கள்.

ரொட்டியில் ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்தெறிவது போதாது. பாக்கெட்டையே கொட்ட வேண்டும். அதனால் பாக்கெட் பிரித்த அன்றே பாதியை ஃபிரீசரில் போடுங்கள்.

மாதச் சாமான் விஷயத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சிப்பமாக 25 கிலோ அரிசி வாங்கினால் கிலோவுக்குச் சில ரூபாய் குறையும், ஆனால் மூன்றாம் மாதம் வண்டு வரும். ஐந்து கிலோ வாங்குங்கள். ரவையை வாங்கிய அன்றே வெறும் சட்டியில் வறுத்து, ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் நெடுநாள் இருக்கும். பாக்கெட்டில் 'யூஸ் பை' என்றிருந்தால் அந்தத் தேதிக்குப் பின் தொடாதீர்கள். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவை குறையத் தொடங்கும் தேதி மட்டுமே, முகர்ந்து பார்த்து முடிவு செய்யலாம்.

பொங்கலுக்கோ செமஸ்டர் விடுமுறைக்கோ ஊருக்குப் போகும் முன் நான்கு நாள் புதிதாகக் காய் எதுவும் வாங்காதீர்கள். ஃபிரிட்ஜில் இருப்பதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே சமையுங்கள். கடைசி இரவுக்கு மிஞ்சிய காய்கள் அத்தனையும் ஒரே சட்டியில் கதம்ப சாம்பாராகட்டும். பிரிக்காத பாலையும் முட்டையையும் பக்கத்து அறையில் கொடுத்துவிட்டு, ஃபிரிட்ஜை அணைத்துக் கதவைச் சற்றே திறந்து வையுங்கள்.