எஸ்பெராண்டோ: தமிழ் நாக்கு சறுக்கும் இடங்களும் தமிழ் இலக்கணம் கைகொடுக்கும் இடங்களும்

எஸ்பெராண்டோ, கண் மருத்துவர் ஸாமென்ஹோஃப் உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழி. 1887-ல் வார்சாவில் அவர் வெளியிட்ட முதல் நூலில் அதன் மொத்த இலக்கணமும் 16 விதிகளாக இருந்தது. 1905-ல் பிரான்சின் புலோன் நகரில் கூடிய முதல் உலக மாநாடு அந்த அடித்தளத்தை யாரும் மாற்றக்கூடாது என்று உறுதி செய்தது. இன்றும் அதே விதிகள்தான். அவற்றில் பெரும்பகுதி தமிழருக்கு ஏற்கெனவே பழக்கமானது. சிக்கல் ஒலியில் இருக்கிறது. அதனால் பாதி நேரத்தை ஒலிக்கே ஒதுக்குங்கள்.

இங்கே எஸ்பெராண்டோ சொற்களைச் சுலோகப் புத்தக முறையில் எழுதியிருக்கிறோம். க, த, ப எங்கே வந்தாலும் வல்லொலி. க³, த³, ப³ என்றால் 'காந்தி'யின் க, 'தசரதன்' என்பதன் முதல் த, 'பஸ்' என்பதன் ப போல அதிர்வொலி. ச எப்போதும் 'அச்சு' என்பதில் வரும் ஒலி. ஃஸ என்பது அதிரும் ஸ. அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் காட்டியிருக்கிறோம். எஸ்பெராண்டோவில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறாது. அழுத்தம் எங்கே என்பதுதான் முக்கியம்.

எழுத்து

மொத்தம் 28 எழுத்துகள்: 5 உயிர், 23 மெய். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, விதிவிலக்கே கிடையாது. ஆங்கில எழுத்துப் பழக்கம்தான் முதலில் குழப்பும்: சி என்ற எழுத்து த்ஸ, ஜே என்ற எழுத்து ய. க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய நான்கும் இல்லை. ஆறு எழுத்துகள் தலையில் குறியோடு வரும். விசைப்பலகையில் குறி இல்லாவிட்டால் அந்த எழுத்தை அடுத்து எக்ஸ் தட்டலாம். அகரவரிசையில் எக்ஸ் இல்லாததால் குழப்பம் வராது.

வல்லொலியும் அதிர்வொலியும்

தமிழில் 'பத்து' என்பதில் த வல்லொலி, 'பாதம்' என்பதில் அதிர்வொலி, 'பந்து' என்பதிலும் அதிர்வொலி. இடத்தைப் பொறுத்து நம் நாக்கு தானாகவே மாற்றிக்கொள்கிறது. எஸ்பெராண்டோவில் அந்த மாற்றமே வேறு சொல்லாகிவிடும்:

ராதொ (எலி) – ராதொ³ (சக்கரம்)
பாகி (மூட்டை கட்டு) – பாகி³ (பணம் செலுத்து)
பேந்தி (செய்ததற்கு வருந்து) – பேந்தி³ (தொங்கு)
காஸ்தொ (சாதி) – கா³ஸ்தொ (விருந்தாளி)

சொல் முதலில் பெரும்பாலோருக்குத் தடையில்லை. பஸ், காந்தி என்று சொல்லிப் பழகியவர்கள்தானே. தவறுவது இரண்டு இடங்களில்தான்: உயிர்களுக்கு நடுவே, மூக்கொலிக்குப் பின்னே. மொழியின் பெயரே இதற்குச் சாட்சி. எஸ்பெராந்தொ என்று வல்லொலியோடு வர வேண்டியது நம் வாயில் எஸ்பெராந்தொ³ ஆகிறது.

பயிற்சி இப்படி. உயிர்களுக்கு நடுவே வரும் த-வுக்கு முதலில் 'ராத்தொ' என்று இரட்டித்துச் சொல்லுங்கள். பிறகு த்த-வில் தங்கும் நேரத்தை மட்டும் குறையுங்கள், அதிர்வைச் சேர்க்காதீர்கள். மூக்கொலிக்குப் பின் வருவதற்கு 'பேன்' என்று நிறுத்தி, மூச்சு விட்டு, 'தி' என்று புதுச் சொல் தொடங்குவதுபோல் தொடங்குங்கள். இடைவெளியைப் படிப்படியாகக் குறையுங்கள். தொண்டையில் விரல் வைத்துக்கொண்டால் த-வில் அதிர்வு ஒரு கணம் நிற்பதும் த³-வில் நிற்காமல் ஓடுவதும் தெரியும். ஒவ்வொரு இணையையும் பத்து முறை சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். எது எது என்று உங்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் இன்னும் வரவில்லை என்று பொருள்.

நாக்கை ட-வுக்கு மடிக்க வேண்டாம். ஆங்கிலச் சொல் என்ற நினைப்பில் மடித்துவிடுவோம். த சொல்லும் இடமே சரியானது.

ச, ஸ, ஷ, த்ஸ

நான்கும் தனித்தனி: சேலொ (உயிரணு), ஸேலொ (சேணம்), ஷேலொ (தோல், ஓடு), த்ஸேலொ (இலக்கு). 'சாப்பாடு' என்பதை ஸ-வோடு சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் முதல் இரண்டையும் கலந்துவிடுவார்கள். ஸ-வுக்கும் ஃஸ-வுக்கும் ஓர் இணை: ரோஸொ (பனித்துளி), ரோஃஸொ (ரோஜா). ஃக என்ற ஒலி அரிது, 'அஃது' என்பதை அழுத்திச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். பல சொற்களில் அதன் இடத்தை இப்போது க பிடித்துவிட்டது.

சொல்லின் தலையும் வாலும்

எ-வில் தொடங்கும் சொல்லுக்கு முன் ய-வையும் ஒ-வுக்கு முன் வ-வையும் நாம் அறியாமல் சேர்க்கிறோம். 'என்' என்றால் உள்ளே. 'யென்' என்றால் இதோ. ஓஸ்தொ எலும்பு, வோஸ்தொ வால்.

இறுதியில் வரும் தவறு இதைவிடப் பெரியது. மெய்யில் முடியும் சொல்லோடு உகரம் ஒட்டுவது நம் வழக்கம். எஸ்பெராண்டோவில் அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய உயிரில். லேர்னஸ் (படிக்கிறேன், படிக்கிறாய்…) என்பதை 'லேர்னஸு' என்று நீட்டினால் ஓர் உயிர் கூடுகிறது, அழுத்தமும் நகர்ந்து 'லெர்னாஸு' ஆகிறது. கேட்பவருக்கு அது தெரியாத சொல்.

அதேபோல் பேச்சுத் தமிழில் 'நான்', 'மரம்' என்பவற்றின் கடைசி மெய் மூக்கோடு கரைந்துவிடும். இங்கே இறுதி ன் இரண்டாம் வேற்றுமை உருபு. அதைக் கரைத்தால் வாக்கியத்தின் செயப்படுபொருளே காணாமல் போகும். தீ-அம் (அப்போது), தீ-அன் (அப்படிப்பட்டதை) என்ற இணையில் பழகுங்கள். ன்-னில் நாக்கு நுனி ஈறைத் தொட்டபடியே நிற்க வேண்டும், ம்-மில் உதடு மூடியே இருக்க வேண்டும்.

அழுத்தத்தில் இன்னொன்று: பன்மை காட்டும் ய், ஆந்தவ் (முன்பு) என்பதில் வரும் வ் ஆகியவை உயிரல்ல, கணக்கில் சேர்க்கக்கூடாது. வானொலி ரதீ³-ஒ, குடும்பம் ஃபமிலீ-ஒ.

இலக்கணம்

ஈற்றைப் பார்த்தால் சொல்லின் வகை தெரியும்: ஒ பெயர், அ பெயரடை, எ வினையடை, இ வினையின் அகராதி வடிவம். அஸ் நிகழ்காலம், இஸ் இறந்தகாலம், ஒஸ் எதிர்காலம், உஸ் நிபந்தனை, உ ஏவல். வினையில் திணை, பால், எண், இடம் எதுவும் இல்லை. அதனாலேயே எழுவாயை விடக்கூடாது. 'போகிறேன்' என்று நாம் சொல்லலாம்; இங்கே 'மி' (நான்) கட்டாயம்.

ன் என்பதை நம் 'ஐ' என்றே கொள்ளலாம், ஆங்கிலம் வழி வருபவர்கள் தடுமாறும் இடத்தை நாம் எளிதில் கடந்துவிடுவோம். ஆனால் ஐ-யும் ன்-னும் முழுக்க ஒன்றல்ல:

'பழம் சாப்பிட்டேன்' என்று ஐ-யை விடுகிறோம். இங்கே விட முடியாது. மி மான்ஜஸ் போமொன் (ஆப்பிள் சாப்பிடுகிறேன்).

பெயரடையும் பன்மையும் வேற்றுமையும் ஏற்கும்: மி வீத³ஸ் பே³லய்ன் ஃப்லோரொய்ன் (அழகான பூக்களைப் பார்க்கிறேன்). 'இரண்டு பழம்' என்று ஒருமையில் நிறுத்தவும் முடியாது.

லி கூரஸ் என் ல தோ³மொ என்றால் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறான்; தோ³மொன் என்றால் வெளியிலிருந்து உள்ளே ஓடுகிறான்.

'நான் ஆசிரியர்' என்பதற்கு ஏஸ்தஸ் ('இரு' என்ற வினையின் நிகழ்காலம்) தேவை: மி ஏஸ்தஸ் இன்ஸ்த்ரு-ஈஸ்தொ. இதற்குப் பின் ன் வராது.

தமிழரிடம் அதிகம் தென்படும் பிழை நான்காம் வேற்றுமையில். எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது என்பவற்றை 'அல் மி' (எனக்கு) போட்டுத் தொடங்கிவிடுகிறார்கள். மி ஸ்த்ஸீ-அஸ், மி மல்ஸாதஸ் என்று எழுவாயாகவே சொல்ல வேண்டும். 'எனக்குப் பிடிக்கும்' மட்டும் நம் வழியிலேயே வரும்: ஜி ப்லாசஸ் அல் மி.

'யாரும் வரவில்லை' என்பதற்கு நெனீ-உ வேனிஸ் போதும். நெனீ-உ-வுக்குள்ளேயே மறுப்பு இருக்கிறது. இன்னொரு 'நெ' சேர்த்தால் எல்லாரும் வந்தார்கள் என்றாகிவிடும்.

'தன்' என்பதற்கு ஸீ-அ, 'அவனுடைய' என்பதற்கு லீ-அ. இந்த வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே உண்டு. ஒரே கவனம்: 'அவனும் தன் நண்பனும் வந்தார்கள்' தமிழில் சரி, ஆனால் எழுவாய்க்குள் ஸீ-அ வராது. லி கய் லீ-அ அமீகொ வேனிஸ் என்பதே முறை.

உருகு–உருக்கு, திரும்பு–திருப்பு என்ற இணைகளை அறிந்தவர்களுக்கு இக்³, இஜ் என்ற ஒட்டுகள் விருந்து. ஃபாந்தி³ என்றால் உருக்கு, ஃபந்தீ³ஜி உருகு. போ³லி என்றால் கொதி. தண்ணீரைக் கொதிக்க வைக்கப் பொ³லீகி³. எந்த வேர் செயப்படுபொருள் கேட்கும், எது கேட்காது என்பது வேரிலேயே நிலைத்திருப்பதால் ஒவ்வொரு வினையையும் அந்தக் குறிப்போடு மனப்பாடம் செய்யுங்கள். 'மி போ³லஸ்' என்றால் நீங்களே கொதிக்கிறீர்கள்.

மற்றவை விரைவில் கைவரும். ஆம்–இல்லை கேள்விக்கு நம் ஆ-வுக்குப் பதில் தொடக்கத்தில் 'சு': சு வி வேனஸ்? (வருகிறாயா?) மல் எதிர்ப்பொருள் தரும்: போ³ன நல்ல, மல்போ³ன கெட்ட. லேர்னி படி, லெர்னேயொ பள்ளி, லெர்னாந்தொ மாணவர். அங்கே–எங்கே, அப்போது–எப்போது போல 5 தொடக்கம், 9 ஈறு சேர்ந்த 45 சொற்கள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. அதைத் தாளில் நீங்களே வரைந்து, ஒரு நாளைக்கு ஒரு வரிசையாக நிரப்புங்கள். முதலில் 'எ' வரிசை: கீ-எ எங்கே, தீ-எ அங்கே, சீ-எ எங்கும், ஈ-எ எங்கோ, நெனீ-எ எங்குமில்லை.