வியூ பார்த்துப் பங்களா எடுக்காதீர்கள்: மலைநாட்டில் முதியோர் இல்லம் தொடங்குபவர்களுக்கு

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று எங்கே புதிதாக ஒரு சிறிய முதியோர் இல்லம் தொடங்கினாலும், கூட்டிக்கொண்டு போய் முதலில் காட்டுவது பல்கனியைத்தான். இந்தத் தொழிலில் எங்கள் ஆட்கள் அன்று விட்ட பிழைகளையே இப்போது வருகிறவர்களும் அச்சுப் பிசகாமல் விடுகிறார்கள். வழுக்கும் டைல்ஸ், கைப்பிடி இல்லாத பாத்ரூம் எல்லாம் யாருக்கும் தெரிந்த விஷயம். அதை விட்டுவிடுகிறேன்.

வியூ பார்த்துப் பங்களா எடுப்பது

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாக்கள் பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும். வாகனம் நிற்பது ஓரிடம், அங்கிருந்து கருங்கல் படி. படுக்கையறைகள் ஒரு தட்டில், சாப்பாட்டறை இன்னொரு தட்டில். முப்பது வயதுத் துரைக்கு அது பொருட்டே இல்லை. முழங்கால் தேய்ந்தவருக்கு?

"சாய்வுப் பாதை போட்டுவிடலாமே" என்பார்கள். சரி, கணக்குப் போடுங்கள். சக்கர நாற்காலி போக, ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். சாப்பாட்டறை 4 அடி கீழே இருந்தால் 48 அடி. இடையில் நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேறு. மலைச்சரிவில் அவ்வளவு இடம் எங்கே கிடைக்கும்? கடைசியில் செங்குத்தாக ஒரு சிமெந்துச் சறுக்கலைப் போட்டு வைப்பார்கள். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஹட்டன் பக்கம் அது செப்டெம்பர் வரை ஒழுங்காகக் காயாது. பாசிதான்.

எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். மேல் தட்டில் நல்ல அறை, மகள் கனடாவிலிருந்து கூடுதல் காசு கட்டி எடுத்துக் கொடுத்தது. முதலில் மூன்று வேளையும் கீழே வந்து சாப்பிட்டார். மழை தொடங்கியதும் காலையில் வருவது நின்றது, அப்புறம் இரவிலும் நின்றது. வேலை செய்கிற பிள்ளை, "டீச்சரம்மா, வாங்க, நான் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்று கூப்பிட்டால், "பசிக்கல பிள்ள, நீ போய் வேலையப் பாரு" என்பார். சாப்பாடு மேலே போகத் தொடங்கியது. தேங்காய் ரொட்டி அறைக்குப் போய்ச் சேருவதற்குள் விறைத்துவிடும், பருப்பின் மேல் ஏடு கட்டியிருக்கும். பாதி அப்படியே திரும்பி வரும். நிர்வாகம் டொக்டரிடம் சொல்லி, பசி எடுக்க டொனிக் வாங்கியது! பசிக்கு ஒரு குறையும் இல்லை, நடுவில் ஏழு படி இருந்தது. படி இறங்காததால் நாலு பேரோடு பேசுவதும் நின்றது, கால் இன்னும் தளர்ந்தது. பொதுமண்டபம், டீவி, பூந்தோட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் மாதக் கட்டணம் வாங்கினார்கள். அவருக்குக் கிடைத்தது ஒரு ஜன்னல். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

ஆபத்து நேரத்தில் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வந்து கேட்டோடு நிற்கும். அங்கிருந்து இருட்டில், ஈரப் படியில் ஸ்ட்ரெச்சரை யார் தூக்குவது என்று பங்களா எடுக்கும்போது எவரும் கேட்பதில்லை.

பங்களா ஏற்கெனவே கையில் இருந்தால், ஆட்களைக் கீழே இறக்காமல் சாப்பாட்டறையை மேலே ஏற்றுங்கள். மேல் வராந்தாவுக்குக் கண்ணாடி அடைத்து மேசை போட்டால் போதும். குசினி கீழேயே இருக்கட்டும், கால் உள்ளவர்கள் ஏறி இறங்கட்டும். இனித்தான் தேடப் போகிறீர்களா? மழை நாளில், வாக்கர் பிடித்து நடக்கும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். படுக்கை, பாத்ரூம், சாப்பாடு, வாகனம் நிற்கும் இடம் நான்கும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

24 மணிநேரமும் சுடுதண்ணீர்

விளம்பரத்தில் அப்படித்தான் இருக்கும். போய்ப் பார்த்தால் கொழும்பு வெக்கைக்கு வாங்கிய இன்ஸ்டன்ட் ஹீட்டர். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். குழாயில் வருகிற தண்ணீரே அவ்வளவு குளிராக இருந்தால் அந்த ஹீட்டர் என்ன செய்யும்? வெதுவெதுப்போடு நின்றுவிடும். குழாயை ஒடுக்கினால் சூடு வரும், தண்ணீர் நூலாக வரும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. பழைய பங்களாவில் விறகு பொய்லர் இருந்தால் கழற்றி விற்காமல் திருத்தி வையுங்கள். ஆனால் குளிப்பாட்டும்முன் வேலையாள் தன் கையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். வயதானவர்களின் தோல் சட்டென்று வெந்துவிடும்.

கரி அடுப்பு

மூடிய அறைக்குள் வேண்டாம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

மருத்துவ வசதி உண்டு

கூப்பிட்டால் வரும் டொக்டரின் நம்பர் சுவரில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். தேவை வேறு. மாதாந்தக் கிளினிக் அரசாங்க ஆஸ்பத்திரியில். விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும். வாகனமும், கூடப்போக ஓர் ஆளும், கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருக்கும் கையும் உண்டா? அதைச் சொல்லுங்கள்.

இரவு ஆள்

தமிழும் சிங்களமும் தெரிந்தவராகப் பாருங்கள். நோவு வந்தால், நினைவு தடுமாறினால், பலருக்குத் தாய்மொழிதான் வாயில் வரும்.

பதிவு

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுப் பெயர்ப்பலகை அடியுங்கள்.

பிளேன்டீ

எல்லாருக்கும் சீனியை வெட்டாதீர்கள். சீனி வருத்தம் உள்ளவருக்கு மட்டும்.