பக்கத்து வீட்டு ஆமையைத் தேற்றுவது எப்படி?

உரியவரிடம் கேட்டுவிட்டே தொட்டியில் கை வையுங்கள். கடைகளில் விற்கும் சிவப்புக்காது ஆமை என்றால், நாறும் நீரைக் கொட்டிவிட்டு, குளோரின் நீக்கிய 25 டிகிரி செல்சியஸ் நீரை ஓட்டின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு ஆழத்துக்கு நிரப்புங்கள். சோர்ந்த ஆமைக்கு முதுகு மூழ்கும் அளவே போதும். ஏறிக் காய ஒரு தட்டைக்கல் வேண்டும்.

ஓடு மெத்தென்று அமுங்குகிறதா? பெரும்பாலும் கால்சியமும் வெயிலும் கிடைக்காததுதான் காரணம். ஓடு வலுப்பட வெயிலிலுள்ள புற ஊதா-பி கதிர் வேண்டும்; ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். எனவே நிழல் மூலையுள்ள அகன்ற தொட்டியில், இளவெயிலில் 20 நிமிடம் விடுங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள், சூடேறினால் செத்துவிடும்.

காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும். ஆமைத்தீனியும் கீரையும் கொடுங்கள். ஒருபக்கம் சாய்ந்து நீந்தினால் நிமோனியாவாக இருக்கலாம்: அன்றே கால்நடை மருத்துவர். பரிதாபப்பட்டுக் குளத்தில் விடவே கூடாது, உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.