முகத்தில் சிவப்பு, எரிச்சல்: ஸ்டீராய்டு கிரீம்தான் காரணமா என்று பார்ப்பது எப்படி?

டி.ஃபார்ம் முடித்துவிட்டு எட்டு வருஷம் ஒரு மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நின்றேன். அங்கே வாரத்துக்கு நாலு முறையாவது பார்த்த காட்சி இது. பேஸ்ட் ட்யூபைப் போல வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிழிந்த ஒரு காலி கிரீம் ட்யூப் கவுன்டர் மேல் வரும். "இதே ஒண்ணு குடுங்க." டாக்டர் சீட்டு எங்கே என்றால், "இதாங்க சீட்டு" என்று ட்யூபையே நீட்டுவார்கள். எதற்கு என்று கேட்டால் மங்குக்கு, பருவுக்கு, இல்லாவிட்டால் "கொஞ்சம் கலர் வர்றதுக்கு". நானும் கொடுத்திருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. நாம் மறுத்தால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்பது முதலாளி சொல்லும் நியாயம்.

ஏழெட்டு மாதம் கழித்து அதே ஆள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வருவார். "முகம் தகதகன்னு எரியுதுங்க. இந்தக் கிரீமைப் போட்டா மட்டும்தான் அடங்குது, இன்னொண்ணு குடுங்க." இந்த ஒரு வரியிலேயே நோயும் அதன் காரணமும் இருக்கின்றன. அதை உங்கள் விஷயத்தில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

அந்த ட்யூபில் இருப்பது ஸ்டீராய்டு, அதாவது அரிப்பையும் அழற்சியையும் அடக்கும் மருந்து. அதைத் தடவியதும் தோலில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கும், தோல் வெளுத்துத் தெரியும். இந்த வெளுப்பைப் பார்த்தே எந்த ஸ்டீராய்டுக்கு எவ்வளவு வீரியம் என்று கண்டுபிடிக்கும் சோதனையை 1962-இல் மெக்கன்சி, ஸ்டௌட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள். ஆக, முதல் பத்து நாளில் "கலர் வந்திருக்கே" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் அது பொய் கிடையாது. தோலில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாதக்கணக்கில் தடவும்போது தோலைத் தாங்கும் கொலாஜன் குறைந்து தோல் மெலிகிறது. அடியில் இருக்கும் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன. ஒருநாள் கிரீம் தீர்ந்துபோய் இரண்டு மூன்று நாள் விட்டால், அதுவரை சுருங்கிக் கிடந்த குழாய்கள் மொத்தமாக விரிந்து முகம் சிவந்து காந்தும். பயந்துபோய் மறுபடி தடவினால் அடங்கும். "பாத்தீங்களா, நல்ல கிரீம்" என்று தோன்றுவது இந்த இடத்தில்தான்.

மற்ற இடங்களை விட முகம் ஏன் சீக்கிரம் கெடுகிறது? ஃபெல்ட்மன், மைபாக் என்ற ஆய்வாளர்கள் 1967-இல் அளந்து பார்த்தார்கள். முன்கைத் தோல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை 1 பங்கு உறிஞ்சினால், நெற்றி 6 பங்கு உறிஞ்சியது, தாடையோரம் 13 பங்கு. கை அரிப்புக்கு எழுதிக் கொடுத்ததை முகத்துக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

தோல் டாக்டர்கள் இதை 'டாப்பிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்', அதாவது தடவிய ஸ்டீராய்டால் கெட்ட முகம், என்கிறார்கள். நம் நாட்டு டாக்டர்கள் வைத்த பெயர்தான். 2011-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டரே இல்லை. எங்களைப் போன்ற கவுன்டர்காரர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

படி 1: வீட்டில் உள்ள எல்லா ட்யூபையும் எடுத்து வையுங்கள்

குளியலறை அலமாரி, ஹேண்ட்பேக், ஃபிரிட்ஜ் கதவு, எதையும் விடாதீர்கள். கம்பெனிப் பெயரை மறந்துவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். கண்ணுக்கு எட்டவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

'சோன்' என்று முடிந்தால் சந்தேகப்படுங்கள்: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், டெக்ஸாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன். 'னோலோன்' என்றால் ட்ரையாம்சினோலோன், ஃப்ளூசினோலோன். 'பீட்டாசோல்' என்று முடிபவை க்ளோபீட்டாசோலும் ஹாலோபீட்டாசோலும், இவைதான் மிகவும் வீரியமானவை. இதில் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கீட்டோகோனசோல், க்ளோட்ரிமசோல் எல்லாம் பூஞ்சை மருந்துகள். 'சோல்' என்று முடிந்தாலும் ஸ்டீராய்டு இல்லை. ஆனால் படர்தாமரைக்கு விற்கும் பல கலவைக் கிரீம்களில் பூஞ்சை மருந்தோடு க்ளோபீட்டாசோலும் ஒரே ட்யூபில் இருக்கும். அதனால் முதல் பெயரோடு நிறுத்தாமல் கடைசிப் பெயர் வரை படியுங்கள். மங்குக்குத் தரும் மூன்று மருந்துக் கலவையிலும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயினோடு மூன்றாவதாக ஒரு ஸ்டீராய்டு உட்கார்ந்திருக்கும்.

சதவீதத்தை வைத்து வீரியத்தை எடைபோடவும் வேண்டாம். 0.05 சதவீத க்ளோபீட்டாசோல், 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனை விடப் பல மடங்கு வீரியமானது. எண் சின்னதாக இருக்கிறதே என்று நம்பித் தடவியவர்கள் நிறைய.

அட்டையில் சிவப்புக் கோடும் 'அட்டவணை எச்' எச்சரிக்கையும் இருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. பல ஸ்டீராய்டு கிரீம்களை மத்திய அரசு 2018-இல் அந்த அட்டவணைக்குள் கொண்டுவந்தது. லேபிளே இல்லாத டப்பாவில் பார்லரில் கொடுத்த 'நைட் கிரீம்' என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த மாதிரிக் கிரீம்களில் ஸ்டீராய்டும் பாதரசமும் பிடிபட்டிருக்கின்றன. அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

படி 2: நாள் கணக்கு எழுதுங்கள்

எப்போது ஆரம்பித்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை, இதுவரை எத்தனை ட்யூப். ஞாபகம் வரவில்லை என்றால் ஏதாவது ஒரு விசேஷத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தீபாவளிக்கு முன்பா, பின்பா? மறக்காமல் எழுத வேண்டிய இன்னொன்று, இரண்டு நாள் விட்டபோது என்ன ஆனது என்பது. "விட்டால் எரிகிறது, தடவினால் அடங்குகிறது" என்றால் அதைத் தனி வரியாக எழுதுங்கள். டாக்டர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

படி 3: ஜன்னல் பக்கம் நின்று முகத்தைப் பாருங்கள்

குளியலறை டியூப் லைட் வேண்டாம். காலை வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், போனின் ஃபில்டரை அணைத்துவிட்டு நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று படங்கள் எடுங்கள்.

'சிவப்பு' என்றதும் தக்காளி நிறத்தைத் தேடாதீர்கள். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அது செம்பு நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ, சில நேரம் வெறும் கருமையாகவோதான் தெரியும். கண்ணை விடத் தொடுகை நம்பகமானது. புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டு நிற்கும்போதும் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் காந்தல் கூடும்.

கன்னத்திலும் மூக்கோரத்திலும் நூல் நூலாக மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரிகிறதா? ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பருக்கள்? பெண்களுக்குக் கன்னத்தில் பூனைமுடி கூடியிருக்கிறதா? தோல் பளபளவென்று தாளைப் போல மெலிந்திருக்கிறதா, அங்கங்கே வெளுத்திருக்கிறதா? வாயைச் சுற்றி மட்டும் பொரிப்பொரியாக இருந்தால் அதையும் படம் எடுங்கள். எல்லாமே இருக்க வேண்டும் என்பதில்லை, இரண்டு மூன்று பொருந்தினாலே அடுத்த படிக்குப் போகலாம்.

அதற்காக எல்லாச் சிவப்பையும் கிரீமின் தலையில் கட்டிவிட முடியாது. ரோசேசியா (முகம் அடிக்கடி சிவக்கும் தோல் நோய்), ஒவ்வாமை, பொடுகு சம்பந்தப்பட்ட தோல் அழற்சி எல்லாம் இதே போலத் தெரியும். மூக்கின் மேல் பாலம் போட்டதுபோல இரு கன்னத்திலும் பரவிய சிவப்போடு மூட்டுவலி, காய்ச்சல், அசதி இருந்தால் லூபஸா (உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய்) என்று பார்த்தாக வேண்டும். வீட்டில் செய்யும் இந்தச் சோதனை டாக்டரிடம் சரியான கதையைச் சொல்வதற்காகத்தான்.

படி 4: தோல் டாக்டரிடம் போங்கள், ட்யூபோடு

ட்யூபை மறைத்துவிட்டு "சோப்பு ஒத்துக்கலை" என்று சொல்பவர்கள் உண்டு. திட்டுவார்களோ என்ற பயம். அப்படிச் செய்தால் வேறு எதற்கோ மருந்து வரும். காலி ட்யூப், படங்கள், நாள் கணக்கு மூன்றையும் மேசையில் வைத்துவிடுங்கள்.

உடனே நிறுத்தலாமா? வீரியம் குறைந்ததைச் சில நாள் மட்டும் தடவியிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் வீரியமானதைத் தடவியிருந்தால் அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. சிலரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வார்கள். சிலருக்கு வீரியம் குறைந்ததற்கு மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறக்குவார்கள். டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு இல்லாத ஆயின்ட்மென்ட் தரலாம். அது முதல் சில நாள் எரியும், அதைச் சொல்லாமல் கொடுத்தால் நோயாளி தூக்கிப் போட்டுவிடுவார். பருப் போன்ற பொரி அதிகம் இருந்தால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் சீட்டில் இருக்கலாம், கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கண்ணைச் சுற்றிப் பல நாள் தடவியிருந்தால் கண் டாக்டரையும் பாருங்கள். கண் அழுத்தமும் கண்புரையும் வர வாய்ப்புண்டு. கண்வலியோ மங்கலோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

படி 5: நிறுத்திய பிறகு வரும் வாரங்கள்

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். நிறுத்திய சில நாளிலோ இரண்டு வாரத்துக்குள்ளோ முகம் முன்பை விட மோசமாகும். சிவப்பு, வீக்கம், அரிப்பு, செதில், பரு, எல்லாம் சேர்ந்து வரும். "டாக்டர் மாத்திக் குடுத்ததுதான் கெடுத்துடுச்சு" என்று பழைய ட்யூபை நோக்கிக் கை போகும். கல்யாணமோ நிச்சயதார்த்தமோ குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம். இது வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் நீளும், பிறகு படிப்படியாக இறங்கும்.

அதுவரை முகத்துக்கு வேலை குறைவாகக் கொடுங்கள். வெறும் தண்ணீர், அல்லது நுரை குறைந்த, வாசனை இல்லாத க்ளென்சர். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன், கூடவே குடை. காந்தும்போது குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணி போதும், ஐஸை நேராக வைக்க வேண்டாம். எலுமிச்சை, கடலை மாவு ஸ்க்ரப், ஃபேஷியல், ப்ளீச் எல்லாம் தற்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். கற்றாழையும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. வாரம் ஒரு படம், அதே ஜன்னலில். தினமும் கண்ணாடி பார்த்தால் மாற்றம் தெரியாது, மனசுதான் சோரும்.

பொரியும் காந்தலும் அடங்கிவிடும். நூல் போன்ற கோடுகள் சிலருக்கு அப்படியே நிற்கும், அதற்கு லேசர் இருக்கிறது.

மாத்திரையாகச் சாப்பிடுபவர்களுக்கு

மூட்டுவாதம், வீசிங், லூபஸ் போன்றவற்றுக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களின் கதை வேறு. அவர்களுக்கு முகம் நிலா போல் உருண்டு, கன்னம் சிவந்து நிற்கும். மார்பிலும் முதுகிலும் ஒரே மாதிரிப் பொரிகள் வரலாம், முன்கையில் லேசாக இடித்தாலும் கன்றிப்போகும், வயிற்றிலும் தொடையிலும் ஊதா நிறக் கோடுகள் விழும். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஆதார் படம் மட்டும் வேண்டாம், அதில் எல்லோருமே வீங்கித்தான் இருப்போம்.

முகத்தைப் பார்த்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்களுக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, தலைச்சுற்றல், கடும் அசதி, ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைத்துத் தர எழுதிக் கொடுத்த டாக்டரைத்தான் கேட்க வேண்டும். டோஸ் குறையும்போது முகமும் மெல்லப் பழைய அளவுக்கு வரும், வயிற்றுக் கோடுகள் மங்குமே தவிர முழுதாகப் போகாது.

கடைசிப் படி: மிச்சமிருக்கும் ட்யூப்

டாக்டர் வேண்டாம் என்று சொன்ன ட்யூபை அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள். வீட்டில் ஒரு தங்கையோ மருமகளோ "அண்ணிக்கு முதல்ல நல்லா கலர் வந்துச்சே" என்று எடுத்துத் தடவுவாள். கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி, மிச்சத்தைப் பழைய செய்தித்தாளில் பிதுக்கிச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். அட்டையை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை வேறு டாக்டரிடம் போகும்போது காட்டலாம்.