விதர், வென்ஸ், ஹிதர்: பழைய ஆங்கில வினையடைகளைப் பிரித்துப் படிப்பது எப்படி?

1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் ஷேக்ஸ்பியர் நாடகங்களிலும் ‘விதர்’ (whither, ‘எந்த இடத்தை நோக்கி’) அடிக்கடி வரும். அதைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். இங்கே, அங்கே, எங்கே தெரிந்த தமிழருக்கு அந்தக் குடும்பத்தின் ஒன்பது சொற்களும் ஒரே கணக்கு.

படி 1: சொல்லின் தொடக்கத்தைப் பாருங்கள். எச் (h) வந்தால் இ. டி-எச் (th) வந்தால் அ. டபிள்யூ-எச் (wh) வந்தால் எ.

படி 2: மிச்சத்தைப் பாருங்கள். ஹியர் (here), தேர் (there), வேர் (where): இருக்கும் இடம். ஹிதர் (hither), திதர் (thither), விதர் (whither): போய்ச் சேரும் திசை. ஹென்ஸ் (hence), தென்ஸ் (thence), வென்ஸ் (whence): புறப்பட்ட இடம்.

படி 3: ஆதியாகமம் 16:8-இல் சோதித்துப் பாருங்கள். ஆகார் என்னும் பணிப்பெண்ணிடம் தேவதூதன் கேட்கிறான்: ‘வென்ஸ் கேமஸ்ட் தௌ? அண்ட் விதர் வில்ட் தௌ கோ?’ எங்கிருந்து வந்தாய், எங்கே போகிறாய்.

இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். ‘எங்கே இருக்கிறாய்’, ‘எங்கே போகிறாய்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘எங்கே’. அதனால் வேரும் விதரும் ஒன்றுதான் என்று தோன்றும். ஒன்றல்ல. விதர் வந்துவிட்டால் அங்கே நகர்வு உண்டு, வினைச்சொல் கண்ணில் படாவிட்டாலும். ‘விதர் அவே?’ என்பதில் வினையே இல்லை. பொருள் ‘எங்கே கிளம்பிவிட்டாய்?’. பின்னாளில் ஆங்கிலத்திலும் வேர் இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது, விதர் வழக்கொழிந்தது. ஜெர்மனில் வோஹின், வோஹேர் என்று இன்றும் பிரித்தே பேசுகிறார்கள்.

படி 4: மூலம். ஷேக்ஸ்பியருக்கு வெகு முன்பிருந்த பழைய ஆங்கிலத்தில் (Old English) ஹிதர், திதர், விதர் மூன்றும் ஹிடெர், திடெர், ஹ்விடெர். நடுவில் இருந்த டி (d), பிறகு டி-எச் (th) ஆனது. ஃபாதர், மதர் என்ற சொற்களிலும் இதே மாற்றம்தான். ஹென்ஸின் பழைய வடிவம் ஹெயொனன். கடைசி ‘ஸ்’ பின்னால் ஒட்டியது, ஒன்ஸ், ட்வைஸ் போலவே. மூலம் தேட இணைய அகராதியான விக்‌ஷனரி போதும். கையடக்க அகராதி வேண்டாம். ‘எங்கே’ என்று மட்டும் போட்டு, நமக்கு வேண்டிய வித்தியாசத்தையே விழுங்கிவிடும்.

பின்சேர்க்கை: விதரின் எழுத்துக்கூட்டலில் டபிள்யூவை அடுத்த எச் விட்டுப்போனால் அது ‘வாடு’ என்னும் வேறு சொல் (wither). ‘வேர்ஃபோர்’ (wherefore) இடமல்ல, ‘ஏன்’. மாடத்தில் நிற்கும் ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை, நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய் என்றுதான் கேட்கிறாள். ‘ஃப்ரம் வென்ஸ்’ என்பதில் ‘இருந்து’ இரண்டு முறை வருகிறது, ஆனாலும் சங்கீதம் 121-இலேயே அது இருக்கிறது. பிழை என்று அடிக்காதீர்கள். ஹென்ஸுக்கு முன்னால் ‘டூ இயர்ஸ்’ போல் கால அளவு நின்றால், அது ‘இன்றிலிருந்து இரண்டு வருஷம் கழித்து’.