கேஒய்சி முடிந்துவிட்டது என்று போன் வந்தால்
"சார், உங்க கேஒய்சி முடிஞ்சுபோச்சு, இன்னைக்கு ராத்திரி அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்." மோசடிக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கேஒய்சி என்பது வங்கி உங்கள் அடையாளத்தைச் சரிபார்ப்பது. கார்டின் கடைசி நான்கு எண்களைச் சரியாகச் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். எந்த வங்கியும் போனில் ஓடிபி கேட்காது. வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆப் நிறுவும் கோப்பு) அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொல்லாது. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

போனை வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் தேடி எடுக்கும் கஸ்டமர் கேர் எண் வேண்டாம், அதிலும் போலி உண்டு.

சரி, ஓடிபியைச் சொல்லித் தொலைத்தாயிற்று என்றால்? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பிருக்கிறது. அப்புறம் வங்கியிலும் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.