பிபிஏ வகுப்பில் டீம் புராஜெக்ட்: பஸ் ரூட்டிலிருந்து தொடங்குங்கள்

கடலூரில் பிபிஏ மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். டீம் பிரிக்கும் முன் யார் எந்த ஊர் பஸ்ஸில் வருகிறார்கள் என்று எழுதி வாங்கிவிடுவேன். பண்ருட்டிப் பையனையும் பரங்கிப்பேட்டைப் பெண்ணையும் ஒரே டீமில் போட்டால், கல்லூரி விட்டபின் அவர்கள் சந்திக்கவே வழியில்லை. அப்புறம் மொத்த வேலையும் யாரோ ஒருவர் தலையில்தான். ஒரே ரூட்டுக்குள் நன்றாகப் படிப்பவரையும் தயங்குபவரையும் நீங்களே கலந்து போடுங்கள்.

டீமுக்கு நான்கு பேர் போதும். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913-இல் முடிவை வெளியிட்டார். ஆள் கூடக் கூட, தலைக்கு இழுக்கும் விசை குறைந்ததாம். தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

தலைப்பில்தான் மெனக்கெட வேண்டும். ‘சந்தைப்படுத்தல் உத்திகள்’ என்று கொடுத்தால் நெட்டிலிருந்து அப்படியே இறங்கிவிடும். கணக்குப் போட்டே தீர வேண்டிய கேள்வியாகக் கொடுங்கள். பண்ருட்டி டீமுக்கு என் கேள்வி முந்திரி. 80 கிலோ மூட்டைக் கொட்டையில் பருப்பு ஏறக்குறைய 20 கிலோதான் தேறும். உடைக்க, தோல் நீக்க, தரம் பிரிக்க ஆகும் கூலியையும் சேர்த்தால் ஒரு கிலோவின் அடக்க விலை என்ன? முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை. அதை எப்படிப் பங்கிடுவது? சீசனில் வாங்கிப் போட்ட கொட்டையில் முடங்கும் பணத்துக்கு வட்டி எவ்வளவு? நடைமுறை மூலதனப் பாடம் இதிலேயே முடிந்துவிடும். புதுச்சேரியிலிருந்து வருபவர்களுக்கு ஜிஎஸ்டி. சரக்கு விற்கும் கடை பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு அங்கே 20 லட்சம், தமிழ்நாட்டில் 40 லட்சம். எல்லைக்கு இருபுறமும் ஒரே மாதிரிக் கடையை எடுத்து ஒப்பிடச் சொல்வேன்.

மதிப்பெண்ணில் பாதி டீமுக்கு, பாதி தனி ஆளுக்கு. புராஜெக்டை வகுப்பில் விளக்கும் நாளில் யார் பேசுவது என்று அன்றைக்குச் சீட்டுக் குலுக்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் பெண்கள் டைப் அடிப்பார்கள், பையன்கள் மேடை ஏறுவார்கள். எல்லா வருடமும் இதே கதை. பேசுபவரிடம் அடுத்தவர் செய்த பகுதியிலிருந்து கேள்வி கேளுங்கள்.

கடைக்காரரிடம் அனுமதியை மாசிக்குள் வாங்கிவிடுங்கள். கொட்டை வரத்து தொடங்கிவிட்டால் மண்டியில் யாரும் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள்.